வீடு ஒழுங்கான பிறகுதான் படிப்பா?

கேள்வி: ஓசூரில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான்காவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. புத்தகமெல்லாம் வாங்கிவிட்டேன். முதல் வாரம் ஜோராகப் படிக்கிறேன், அதோடு சரி. வீடும் அப்படித்தான். போகிக்கு ஒழுங்குபடுத்தினால் தை முடிவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. வீடு இப்படிக் கிடக்கும்போது புத்தகத்தைத் திறக்கவே மனம் வருவதில்லை. முதலில் வீட்டை முழுசாகச் சரிசெய்துவிட்டு அப்புறம் படிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? ஊக்கம் குறையாமல் இருக்க என்ன வழி? 900 ரூபாய்க்கு ஒரு பிளானர் பார்த்தேன், வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிளானர் வேண்டாம். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் போதும்.

"முதலில் வீடு, அப்புறம் படிப்பு" என்ற வரிசையையும் விட்டுவிடுங்கள். ஐந்து பேர் சாப்பிட்டு, குளித்து, துணி மாற்றுகிற வீட்டில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்ற நாள் வரவே வராது. அந்த நாளுக்குப் பிறகு படிக்கலாம் என்று இருந்தால் அடுத்த அறிவிப்பும் போய்விடும். நாளைக்கே படிக்கத் தொடங்குங்கள். வீட்டில் எதைச் சரிசெய்வது என்பதைப் படிப்புக்கு எது தடையாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அடைசலைப் பார்த்தால் மனம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெபெட்டி இருவரும் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசல், முடியாத வேலை என்றே அதிகம் சொன்ன பெண்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் ஹார்மோன் பகல் போகப் போக இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால், அடைசலைவிடப் பெரிய தடை வேறு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். சமையலறையில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யாராவது "எங்கே?" என்று உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு பொருளையும் அதில் எழுதுங்கள். அம்மா என் சாக்ஸ் எங்கே, நகவெட்டி எங்கே, என் பிரஷர் மாத்திரை எங்கேம்மா, கரண்ட் பில் கட்டின ரசீது எங்கே, சார்ஜர் எங்கே. எங்கே எது இருக்கிறது என்பது வீட்டில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும் என்றால், நீங்கள்தான் அந்த வீட்டின் விசாரணைக் கவுண்டர். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு யாராலும் படிக்க முடியாது. போகிக்கு ஒழுங்குபடுத்திய வீடு தை முடிவதற்குள் கலைவதற்கும் இதுதான் காரணம். நீங்கள் அடுக்கிய முறை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எடுத்த பொருளை எங்கே திருப்பி வைப்பது என்று தெரியாமல் கண்ட இடத்தில் வைக்கிறார்கள்.

அதனால் ஒழுங்கு என்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்காமல் எடுக்க முடிய வேண்டும், உங்களைக் கேட்காமல் திருப்பி வைக்க முடிய வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதா என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

தாளில் அதிக முறை வந்த பொருள்களை மட்டும் முதலில் இடம் மாற்றுங்கள். ஒரு பொருள் எந்த இடத்தில் பயன்படுகிறதோ அங்கேயே இருக்கட்டும். சாக்ஸ் துணி பீரோவில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், நான்காவது படிக்கும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், மூடி இல்லாத ஒரு கூடையில் போடுங்கள். ஜோடி சேர்த்து மடிக்கக்கூட வேண்டாம். மாமியாரின் மாத்திரைகள் அவர் கட்டில் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கட்டும். மளிகை டப்பாக்களில் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி, மார்க்கரால் தமிழில் பெரிதாக எழுதிவிட்டால், நீங்கள் படிக்கும் நேரத்தில் அவருக்கு வெந்தயம் வேண்டும் என்றால் அவரே எடுத்துக்கொள்வார். மூடியைத் திறந்து, உள்டப்பாவை எடுத்து, அதற்குள் இருக்கும் கவரைப் பிரித்து என்று மூன்று வேலை வைக்கும் ஏற்பாடு எந்த வீட்டிலும் நிலைக்காது.

வேண்டாத பொருள்களைக் கழிப்பதற்கு உங்கள் கணவரையே கேட்கலாம். தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் என்று போர்டு வைத்திருப்பார்கள். செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. ஜப்பானிலிருந்து வந்த ஐந்து படிகள் இவை: வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது, இருப்பதற்கு இடம் ஒதுக்குவது, சுத்தம் செய்வது, அதையே ஒரு முறையாக்குவது, தினமும் கடைப்பிடிப்பது. அதில் சிவப்பு அட்டை என்று ஒரு பழக்கம் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் இருக்கும் பொருளுக்கு ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, தேதி போட்டு, தனியாக ஓரிடத்தில் வைப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் அதைத் தேடவில்லை என்றால் வெளியேற்றிவிடுவார்கள். வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியே போதும். பார்சல் பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடி தொலைந்த பாட்டில்கள், எந்தக் கருவிக்கு என்றே தெரியாத வயர்கள் எல்லாவற்றையும் அதில் போட்டு, மேலே தேதி எழுதிப் பரணில் வையுங்கள். மூன்று மாதம் யாரும் கேட்கவில்லை என்றால் திறந்து பார்க்காமல் பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். திறந்தால் மறுபடியும் மனம் மாறும்.

ஒன்று மட்டும் கவனம். மாமியாரின் பித்தளைப் பாத்திரமோ பழைய டிரங்குப் பெட்டியோ அவருடைய முடிவு. அதில் கைவைத்தால் வீடு ஒழுங்காகாது, சண்டைதான் வரும். உங்கள் பொருள்களிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது காகிதங்கள். இங்கே வீட்டு ஒழுங்கும் உங்கள் தேர்வும் நேரடியாகச் சந்திக்கின்றன. எழுதித் தேறிய பிறகு சான்றிதழுக்காக அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் தனியாக ஒரு ஃபைல் போடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் எல்லாம் அதில் இருக்கட்டும். திருமணமானவர்கள் கவனிக்க வேண்டியது, சாதிச் சான்றிதழ் உங்கள் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் செல்லாது. மதிப்பெண் சான்றிதழில் அப்பா இனிஷியலும் ஆதாரில் கணவர் இனிஷியலும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர் என்றால் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளில் சான்றிதழ் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகள் மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது அந்த வேலையை முடித்துவிடுங்கள். குரூப் 4 நடத்தும் தேர்வாணையத்தில் (டிஎன்பிஎஸ்சி) செய்யும் ஒருமுறைப் பதிவு 5 வருடம் செல்லும். ஏற்கெனவே செய்திருந்தால் அது காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

வீட்டின் மற்றக் காகிதங்களுக்கு இன்னொரு ஃபைல் போதும். வாடகை ஒப்பந்தம், காஸ் புத்தகம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அதில் போகட்டும். அது எங்கே இருக்கிறது என்பது உங்கள் கணவருக்கும் தெரிய வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் வார உற்சாகம் புதுப் புத்தக வாசனையால் வருவது. அது போகத்தான் செய்யும், அதைப் பிடித்துவைக்க முயல வேண்டாம். நீங்கள் அட்டவணை போட்டிருந்தால், காலை 5 முதல் 7, இரவு 9 முதல் 11 என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஷிப்ட் வேலை பார்ப்பவர் இருக்கும் வீட்டில் மணிக்கணக்கு அட்டவணை நிற்காது. முதல் ஷிப்ட் வாரத்தில் விடியும் முன்பே டிபன் கட்ட வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் அவர் தூங்குவார். வாரம் மாறும்போது உங்கள் அட்டவணை உடைகிறது, நீங்களோ உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

மணிக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியோடு படிப்பைக் கட்டுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பற்றி 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். "நிறையப் படிப்பேன்" என்று தீர்மானிப்பவர்களைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று இடத்தையும் தருணத்தையும் குறித்துக்கொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தருணம் பள்ளி வேன். ஷிப்ட் மாறினாலும் வேன் வரும் நேரம் மாறாது. பிள்ளைகள் வேன் ஏறியதும் வீட்டுக்குள் வந்து நேராகப் படிக்கும் இடத்தில் உட்கார வேண்டும். பாத்திரம் பிறகு. சிங்க்கைப் பார்த்தால் கை தானாகப் போகும் என்றால், சமையலறைக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

படிக்கும் இடம் ஹாலில் இருக்கட்டும். படுக்கையறையில் வேண்டாம். நைட் ஷிப்ட் வாரத்தில் அந்த அறைக்குள் போய் விளக்குப் போட முடியாது, புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைய படிப்பு போச்சு. ஹாலில் ஒரு தட்டு உங்களுடையது. அன்று படிக்கும் புத்தகம், நோட்டு, பேனா மட்டும் அங்கே இருக்கட்டும். வாங்கிய எல்லா வழிகாட்டிகளையும் அங்கே அடுக்கினால் எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் போகும். டெலிகிராமில் சேர்த்துவைத்த பிடிஎஃப் குவியலும் அடைசல்தான். இறக்கிவைத்ததைப் படித்ததாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். அந்தப் பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்கவில்லை என்றால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். மீதி 100 கேள்விகளில் 75 பொது அறிவு, 25 கணக்கு சார்ந்த திறனறிவு. ஆகவே முதல் இரண்டு மாதம் தமிழையே பிரதானமாக வையுங்கள், கூடவே தினமும் ஐந்து கணக்கு. ஆறு முதல் பத்து வரையிலான அரசுப் பாடநூல்கள்தான் அடிப்படை. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமச்சீர் பாடத்திட்டம் என்றால் ஒரு புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. மாலையில் இருவரும் ஒரே பாடத்தைப் படிக்கலாம்.

காலண்டர் எதற்கு என்றால், தினமும் படித்து முடித்ததும் அந்தத் தேதிக் கட்டத்தில் எத்தனை கேள்வி போட்டீர்கள், எத்தனை சரி என்று இரண்டு எண்களை மட்டும் எழுதத்தான். டிக் அடிக்க வேண்டாம். டிக் எல்லா நாளையும் ஒன்றாகக் காட்டும். 20க்கு 9 என்று தொடங்கி, ஒரு மாதம் கழித்து 20க்கு 14 என்று பார்க்கும்போது வரும் தெம்பு வேறு.

21 நாளில் பழக்கமாகிவிடும், ஒரு மண்டலம் செய்தால் படிந்துவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் முடிவை அச்சிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். உங்களுக்கு வேண்டிய செய்தி அதே ஆய்வில் இன்னொன்று இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதனால் விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகப் படிக்கப் போகாதீர்கள். அந்த இரட்டைச் சுமைதான் மூன்றாம் நாள் புத்தகத்தை மூட வைக்கிறது. காய்ச்சல், விருந்தாளி, காதுகுத்து போன்ற நாள்களுக்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள். பழைய வினாத்தாளில் பத்தே கேள்விகள். தேர்வாணைய இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன.

உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லிவைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு விசேஷத்திலும் "என்னாச்சு, வேலை கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். கூடப் படிக்கும் ஒரு தோழி இருந்தால் போதும், இரவில் இருவரும் அன்றைய எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அன்றாடம் எவ்வளவு நேரம்? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம், வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து. சிங்க் காலி, ஹால் தரை காலி, பள்ளிப் பைகள் கதவோரம். இந்த மூன்றும் ஆனால் அன்றைக்கு வீடு ஒழுங்குதான். நாற்காலியில் குவியும் துவைத்த துணியை ஆளுக்கொரு கூடையில் பிரித்துப் போட்டு, மடிக்கும் வேலையை அவரவரிடம் விடுங்கள். ஏழாவது படிக்கும் பிள்ளைக்குத் தன் துணியை மடிக்கத் தெரியும். கோணலாக மடித்தால் அதைத் திருத்தி மடிக்காதீர்கள்.

இன்னொன்று. இரண்டு மாதம் கழித்து, வாரம் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதத் தொடங்குங்கள். உண்மையான தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை நடக்கிறது, அதனால் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அதே நேரம். அந்த மூன்று மணி நேரம் சமையலும் பிள்ளைகளும் கணவர் பொறுப்பு, அவருக்கு ஷிப்ட் இருந்தால் வார விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதை அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.