டவரின் ஸ்டே கம்பி பக்கத்து வீட்டுச் சுவரில்

கேள்வி: மொட்டை மாடியில் 40 அடி ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) டவர் வைத்திருக்கிறேன். உரிமம் உண்டு. டவர் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் மூன்று ஸ்டே கம்பிகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் கட்டி 22 வருடம் ஆகிறது. பழைய உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார். வீட்டைப் புதிதாக வாங்கியவர் கதிர்வீச்சு, டிவி கோளாறு என்று தினமும் சண்டை. இப்போது கம்பியைக் கழற்றச் சொல்லி வக்கீல் நோட்டீஸ். தடை உத்தரவு வாங்கலாமா?

பதில்: கதிர்வீச்சு, டிவி, அவர் பேசிய பேச்சு எதுவும் இங்கே எடுபடாது. உங்கள் உரிமமும் அப்படித்தான். அது அலைபரப்புவதற்கு, அடுத்தவர் சுவரில் போல்ட் அடிப்பதற்கு அல்ல. அந்தச் சுவரில் உங்களுக்கு என்ன உரிமை என்பது மட்டுமே கேள்வி. பழையவர் தந்தது வெறும் அனுமதி. அடுத்தவர் சொத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882 ஈஸ்மெண்ட் சட்டம், பிரிவு 59-இன்படி வீட்டை வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது.

20 வருடம் தாண்டிவிட்டதே, நீண்ட காலம் பயன்படுத்தியதால் வரும் அனுபவ பாத்தியதை கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்டு வாங்கிய அனுமதி எத்தனை வருடம் ஓடினாலும் பாத்தியதை ஆகாது. "உங்களுக்கு முன்னால் இருந்தவர் சொல்லித்தான் கட்டினேன்" என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால், அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிரான சாட்சி.

கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இதற்குப் பிறகுதான். இடைக்காலத் தடை உத்தரவை நம்பி டவரை அப்படியே விடுவார்கள். ஐப்பசிக் காற்றில் கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் துருப்பிடித்து விட்டுப்போகும், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் கம்பியை வெட்டுவார். மூன்றில் ஒன்று போனால் டவர் எதிர்ப்பக்கம் சாயும். நோட்டீஸ் கையில் இருந்தும் சும்மா இருந்தீர்கள் என்றால் நஷ்டஈட்டோடு நிற்காது. உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 (கவனக்குறைவால் மரணம்), 5 வருடம் வரை சிறை. தடை உத்தரவு இதிலிருந்து காப்பாற்றாது.

சமாதானமாகப் போங்கள். ஈஸ்மெண்ட் சட்டத்தின் பிரிவு 63 பொருட்களை எடுத்துக்கொள்ள நியாயமான அவகாசம் தருகிறது. 30 நாள் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கம்பியை முதலில் அவிழ்க்காதீர்கள். தற்காலிக ஸ்டே ஒன்று கட்டி, ஆன்டெனாவை இறக்கி, பிறகு 10 அடித் துண்டுகளாக மேலிருந்து கழற்றுங்கள். டவரை 20 அடிக்குக் குறைத்தால் ஸ்டே கம்பிகள் டவரின் அடியிலிருந்து 12 முதல் 16 அடிக்குள் அடங்கும், உங்கள் மாடியிலேயே. ஒவ்வொரு கம்பி முனைக்கும் மூன்று யூ கிளாம்ப், கிளாம்பின் சேடில் (யூ போல்ட் நுழையும் அடிக்கட்டை) பாரம் தாங்கும் கம்பிப் பக்கம். அவர் சுவரில் உள்ள ஓட்டையைச் சிமெண்ட் பூசி, அவர் எதிரிலேயே படம் எடுத்து, கழற்றியதற்கு ஒரு வரி கையெழுத்து வாங்குங்கள்.