முன்னாடி உண்மை சொன்ன பொண்ணுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். டெல்லியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ், இப்போ வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்காங்க. ஸ்டாஃப்ல முக்கால்வாசி மலையாளி பொண்ணுங்க, மணிப்பூர், ஹரியானா பிள்ளைங்களும் இருக்காங்க. போன வாரம் நைட் டியூட்டில ஒரு பேஷண்டை சிடி ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போன அவசரத்துல ராத்திரி 2 மணி ஆன்டிபயாடிக் விட்டுப்போச்சு, அந்த ஜூனியர் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம சார்ட்ல கொடுத்த மாதிரியே சைன் போட்டுட்டா. காலைல ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர்ல மருந்துக் கணக்கு உதைச்சப்பதான் தெரிஞ்சுது. உடனே டாக்டர்கிட்ட சொல்லிட்டோம், பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா எனக்கு மனசு விட்டுப்போச்சு. கொஞ்ச மாசம் முன்னாடி இன்னொரு பொண்ணு டிரிப்ஸ் வேகமா விட்டுட்டேன்னு தானா வந்து சொன்னப்போ எங்களுக்கு மேல இருக்கிற மேடம் பேஷண்டோட சொந்தக்காரங்க முன்னாடியே சத்தம் போட்டு எக்ஸ்பிளனேஷன் எழுதி வாங்கினாங்க, அது வேற விஷயம். நான் அப்படி இல்ல. பர்த்டேக்கு கேக் வெட்டுறோம், வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கேன், அப்புறமும் ஏன் என்னை நம்ப மாட்டேங்கிறாங்க?

பதில்: அது வேற விஷயம் இல்லம்மா, அதேதான் விஷயம். டிரிப் விஷயத்தை தானா வந்து சொன்ன பொண்ணுக்கு என்ன கிடைச்சுதுன்னு வார்டு மொத்தமும் நின்னு பார்த்துச்சு. அன்னைக்கு நீங்க சத்தம் போடலை, சரி, ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல போய் நின்னீங்களா? இந்த ஜூனியர் பொண்ணு ராத்திரி 2 மணிக்கு பேனாவைக் கையில வச்சுக்கிட்டு அதைத்தான் நினைச்சிருப்பா. கேக் எத்தனை வெட்டினாலும் அந்த ஞாபகம் போகாது.

உங்க தொழில்லயே இதுக்கு ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கு. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டு பேராசிரியை, 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கிறதுல நடக்கிற தப்புகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. ஒத்துமையா வேலை பார்க்கிற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தாங்க, கணக்கு வந்தா தலைகீழ், நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. என்னன்னு தோண்டிப் பார்த்தா அங்க பொண்ணுங்க பயமில்லாம வெளிய சொல்றாங்க, மத்த வார்டுல அமுக்கிடுறாங்க. 1999ல அவங்க எழுதின கட்டுரைக்கு அப்புறம் இந்த பயமில்லாத நிலைமையைப் பத்தி கம்பெனிகளும் பேச ஆரம்பிச்சுது, ஒரு டீம் நல்லா வேலை பார்க்க எது முக்கியம்னு 2012ல கூகுள் தன்னோட டீம்களை வச்சு ஆரம்பிச்ச ஆராய்ச்சியிலயும் முதல் இடத்துக்கு வந்தது இதுதான். அதனால நடந்த தப்பை எழுதி வைக்கிற உங்க வார்டு இன்சிடென்ட் ரிஜிஸ்டர் காலியா இருந்தா சந்தோஷப்படாதீங்க, எனக்கு அதுதான் பயமா இருக்கு.

இப்போ அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வருவோம். டோஸ் விட்டுப்போனது ஒண்ணு, கொடுக்காம சைன் போட்டது இன்னொண்ணு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பாதீங்க. விட்டுப்போனதுக்கு அவளைத் திட்டி பிரயோஜனமே இல்ல, பேஷண்ட் ஸ்கேனுக்குப் போற நேரத்துல அந்த டோஸ் யார் பொறுப்பு, திரும்பி வந்ததும் சார்ட்டை யார் பார்க்கணும்னு உங்க வார்டுல ஒரு முறை இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லேன்னா நாளைக்கு சீனியர் கையிலயும் இதே நடக்கும். சைன் போட்டதை மட்டும் லேசா விட்டுடக்கூடாது, அந்த சார்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த முடிவு எடுக்கிறார். தனியா ரூம்ல உட்கார வச்சு, கதவைச் சாத்திட்டு இதை அவகிட்ட சொல்லுங்க. இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அவளே எழுதட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க, சார்ட்ல அடிச்சுத் திருத்தாம உங்க ஆஸ்பத்திரி முறைப்படி பதிவு பண்ணுங்க. மேடம்கிட்ட போகும்போது அவளைத் தனியா அனுப்பாதீங்க, நீங்களும் போங்க, இன்சார்ஜ்னா அதுக்குத்தானே. அப்புறம் அந்த டிரிப் பொண்ணையும் கூப்பிட்டு, அன்னைக்கு நீ சொன்னது சரி, நான் உன் கூட நின்னிருக்கணும்னு சொல்லிடுங்க. இது கஷ்டம், தெரியும், ஆனா வார்டு திரும்பிப் பார்க்கிறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, நீங்க கேட்கலை, ஆனா லெட்டர்ல இருக்கு. முக்கால்வாசி பேர் மலையாளத்துல பேசிக்கும்போது மணிப்பூர் பிள்ளையும் ஹரியானா பிள்ளையும் என்ன பண்ணுவாங்க? உங்களுக்கு நாகர்கோவில், மலையாளம் புரிஞ்சிடும், அவங்களுக்கு புரியாது. அதுக்காக பாஷைக்கு தடை போடுற வேலை மட்டும் வேண்டாம். 2021 ஜூன்ல டெல்லி ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனையில நர்ஸுங்க மலையாளம் பேசக்கூடாதுன்னு சர்க்குலர் போட்டாங்க, பெரிய எதிர்ப்பு கிளம்பி மறுநாளே வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு. தாய்மொழியைப் பிடுங்கிட்டு யாரையும் நம்மாளா ஆக்க முடியாது. பேஷண்ட் சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சும், ஹேண்ட் ஓவர்ல இருந்து போன் வரைக்கும் எல்லாருக்கும் புரியிற இந்தியிலயோ இங்கிலீஷ்லயோ, டீ குடிக்கிறப்போ அவங்கவங்க பாஷை, இந்த ஒரு கோடு போதும். நைட் டியூட்டி போடும்போது ஒரே ஊர்க்காரங்களையே சேர்த்துப் போடாம மாத்தி மாத்திப் போடுங்க. ராத்திரி முழுக்க சேர்ந்து வேலை பார்த்தவங்களுக்குள்ள தானா ஒரு ஒட்டுதல் வரும், பார்ட்டி எல்லாம் வைக்க வேண்டாம்.

கேள்வி: டெல்லி கரோல் பாக்ல ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல சேர்ந்திருக்கேன். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து இந்தியில சிரிச்சுப் பேசி சாப்பிடுறாங்க, நான் என் சீட்லயே சாப்பிடுறேன். யாரும் கூப்பிடலை. என்ன பண்றது?

பதில்: கூப்பிடட்டும்னு நீங்க இருக்கீங்க, இந்தப் பையன் தனியா இருக்கிறதை விரும்புறான் போலன்னு அவங்க இருக்காங்க தம்பி. நாளைக்கே டப்பாவைத் தூக்கிட்டுப் போய் உட்காருங்க. இந்தி ஓட்டையா இருந்தாலும் பரவாயில்ல, தப்பா பேசினா திருத்திவிட ஆள் கிடைக்கும், அதுவும் ஒரு பழக்கம்தான். வேலையில சின்னச் சின்ன சந்தேகத்தை பக்கத்து சீட்காரர்கிட்ட கேளுங்க, உதவி கேட்டா யாரும் மட்டமா நினைக்க மாட்டாங்க, பெரும்பாலும் சந்தோஷமாத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. ஒரு மாசம் பாருங்க. அப்புறமும் நீங்க உட்கார்ந்தா பேச்சை நிறுத்துறாங்க, மீட்டிங் இருக்குன்னு உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா அது கூச்சம் இல்ல, ஒதுக்குறது, அப்போ தேதியோட குறிச்சு வச்சுக்கிட்டு மேனேஜர்கிட்ட பேசுங்க.