ரஷ்யர்கள் ஐரோப்பியர்களா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

ரஷ்ய வரலாறு படித்தவன், சில வருஷம் அங்கே குடியிருந்தவன் என்பதால் இந்த வாரம் வாசகர் கேள்விகளை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், வரைபடத்தில் முக்கால்வாசி ரஷ்யா ஆசியாவில் கிடக்கிறது. அப்புறம் எப்படி அது ஐரோப்பிய நாடு?

பதில்: நிலம் முக்கால்வாசி ஆசியாவில், ஜனம் முக்கால்வாசி ஐரோப்பாவில். அந்த எல்லைக் கோடும் மனிதர்கள் போட்டதுதான். பழைய கிரேக்கர்கள் டான் நதியோடு ஐரோப்பாவை முடித்துவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான், ஜார் பீட்டரிடம் வேலை பார்த்த ததீஷெவும், ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த ஸ்வீடன் அதிகாரி ஸ்ட்ராலென்பர்க்கும் அந்த எல்லையை உரால் மலைக்குத் தள்ளினார்கள். 1767இல் அரசி கேத்தரின், சட்டக்குழுவுக்குத் தந்த அறிவுரையில் 'ரஷ்யா ஓர் ஐரோப்பிய வல்லரசு' என்று எழுதியே வைத்தார். எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாக இருந்தால் அதை எழுதிவைக்கும் அவசியம் வந்திருக்காது.

கேள்வி: அண்ணா, பீட்டர் தாடிக்கு வரி போட்டார் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான் தம்பி. 1698இல் ஐரோப்பியப் பயணம் முடித்து வந்தவர், பார்க்க வந்த பிரபுக்களின் தாடியைத் தன் கையாலேயே கத்தரித்தார். 1705இல் நாடு முழுக்க வரி. பெரிய வியாபாரி என்றால் வருஷத்துக்கு 100 ரூபிள். விவசாயி ஊருக்குள் தாடியோடு இருக்கலாம், நகர வாசலைத் தாண்டும்போது மட்டும் ஒரு கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) கட்ட வேண்டும். பணம் கட்டியவருக்கு ஒரு வில்லை தருவார்கள். அதில் மூக்கு, மீசை, தாடி மட்டும் பொறித்திருக்கும், கண்கூட இருக்காது. மேலே 'பணம் வாங்கியாச்சு' என்ற வாசகம். இதில் ஒரு வேடிக்கை. பணத்துக்கு ரஷ்ய மொழியில் 'தென்கி' என்பார்கள். அது ரஷ்யாவை ஆண்ட மங்கோலிய-தாத்தாரியர் காலத்தில் துருக்கிய மொழிகளிலிருந்து வந்த சொல். ரஷ்யரை ஐரோப்பியராக்க அடித்த வில்லையில் ஆசியச் சொல்!

சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரமில்லை. அன்றைய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவருக்குத் தாடியை மழிப்பது பாவம். மழித்த தாடியைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்து, செத்தால் சவப்பெட்டியில் கூடவே வைக்கப் போவதாகச் சொன்ன ஒரு தச்சரைப் பற்றி, பீட்டரிடம் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பெரி எழுதியிருக்கிறார். மேலுலகத்தில் புனித நிக்கோலஸிடம் கணக்குக் காட்ட வேண்டுமாம்.

கடைசியில் பிரபுக்கள் மழித்த முகத்தோடு பிரெஞ்சு பேசினார்கள். குடியானவர் தாடியோடு அப்படியே இருந்தார். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலே பிரெஞ்சுப் பேச்சில்தான் தொடங்குகிறது. ஒரே நாட்டுக்குள் இரண்டு ஜனம். கிராமத்தானுக்கு ஐரோப்பா என்பது தூர தேசமல்ல, தன்னை வேலை வாங்கும் பண்ணையார்தான். பின்னால் வந்த எல்லாச் சண்டைக்கும் வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: மங்கோலியர் ஆண்டதால்தான் ரஷ்யா ஐரோப்பாவைவிட்டு விலகியது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. அதற்கு முன்பே, 988இல் கீவ் (இன்றைய உக்ரைன் தலைநகர்) இளவரசர் விளாதிமிர் ரோமிடம் போகாமல் கான்ஸ்டான்டினோப்பிளிடமிருந்து ஞானஸ்நானம் வாங்கினார். லத்தீனும் போப்பும் இல்லாத கிறிஸ்தவம் அது. பழியை எல்லாம் மங்கோலியர் மேல் போடுவது சௌகரியம், அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்லாவியவாதிகள், மேற்கத்தியவாதிகள் என்று இரண்டு கட்சி இருந்ததாமே? கொஞ்சம் விளக்குங்கள் ஐயா.

பதில்: 1836இல் சாதாயெவ் என்பவரின் கடிதம் ஒன்று பத்திரிகையில் வந்தது. உலகத்துக்கு ரஷ்யா எதையும் கொடுக்கவில்லை, யாரிடமும் எதையும் கற்கவில்லை என்று போட்டு உடைத்தார். ஜார் முதலாம் நிக்கோலஸ் அவரைப் பைத்தியம் என்று அறிவித்து, பார்த்துவர வைத்தியரையும் அனுப்பினார். பத்திரிகைக்குப் பூட்டு. அந்தக் கடிதத்தை அவர் எழுதியதே பிரெஞ்சில்தான், ரஷ்ய மொழியில் வந்தது மொழிபெயர்ப்பு.

அதன்பின் இரண்டு அணி. ஐரோப்பாவைப் போல ஆக வேண்டும் என்றது ஒன்று, அவர்கள் மேற்கத்தியவாதிகள். நம் தேவாலயமும் கிராமச் சமூகமும் போதும் என்றது மற்றது, அவர்கள் ஸ்லாவியவாதிகள். இரண்டாவது அணியின் தலைகளில் ஒருவரான கிரியேவ்ஸ்கி, பெர்லினில் ஹெகல், மியூனிக்கில் ஷெல்லிங் என்று ஜெர்மன் தத்துவவாதிகளிடம் வகுப்புக் கேட்டு வந்தவர். அதே அணியின் கான்ஸ்தாந்தீன் அக்சாகோவ் அசல் ரஷ்ய உடை என்று ஒன்றை மாட்டிக்கொண்டு வீதியில் போக, ஜனங்கள் அவரைப் பாரசீகர் என்று நினைத்தார்களாம். இது சாதாயெவ் அடித்த ஜோக். எதிரணியில் எழுத்தாளர் ஹெர்சன் 1847இல் ஐரோப்பாவுக்கே போனார், 1848இல் பாரிஸ் புரட்சி நசுங்கியதைப் பார்த்து மனம் வெறுத்தார். அப்புறம் ரஷ்யக் கிராமத்தில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். ஐரோப்பா வேண்டாம் என்றவருக்கு வாதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. வேண்டும் என்றவருக்கு நேரில் பார்த்ததும் கசந்தது.

கேள்வி: ரஷ்யர் என்றால் வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்தானே?

பதில்: இல்லை. இனத்தால் ரஷ்யர் என்பதற்கு 'ரூஸ்கி', நாட்டின் குடிமகன் என்பதற்கு 'ரசியானின்' என்று இரண்டு சொல் உண்டு. பெரும்பாலும் முஸ்லிம்களான தாத்தாரியர் இரண்டாவது வகை. கல்மீக்கியா என்று ஒரு குடியரசு, உராலுக்கு மேற்கே, காஸ்பியன் கரையோரம். அங்கே கல்மீக்குகளின் மதம் திபெத்திய பௌத்தம். வரைபடப்படி அவர்கள் ஐரோப்பியர்.

கேள்வி: புதின் இதில் எந்தப் பக்கம்?

பதில்: எந்த வருஷத்துப் புதின்? 2000இல் ரஷ்யா ஐரோப்பியப் பண்பாட்டின் பகுதி என்றார். 2005 நாடாளுமன்ற உரையிலும் 'பெரிய ஐரோப்பிய நாடு' என்றார். 2023இல் வந்த வெளியுறவுக் கொள்கை ரஷ்யாவைத் தனி 'நாகரிக அரசு' என்கிறது, அதாவது ஐரோப்பாவில் சேராமல் தானே ஒரு தனி நாகரிகமாக நிற்கும் நாடு. நடுவில் 2022 மார்ச்சில், 1996 முதல் உறுப்பினராக இருந்த, மனித உரிமைக்கான அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து ரஷ்யா நீக்கப்பட்டது.

கேள்வி: உக்ரைன் ஐரோப்பா பக்கம் போனால் ரஷ்யாவுக்கு என்ன நஷ்டம்?

பதில்: 2013 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தை அப்போதைய உக்ரைன் அதிபர் யானுகோவிச் தள்ளிப்போட்டதும்தான் கீவ் மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. ரஷ்யா தன் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்வதும் அதே கீவைத்தான். அந்த வீட்டுக்காரர் 'நாங்கள் ஐரோப்பியர்' என்றால் தனி நாகரிகம் என்ற கதை ஆட்டம் காணும். எரிச்சலுக்கு இது காரணம். படையெடுப்புக்கு நியாயம் ஆகாது.

கேள்வி: இதெல்லாம் படித்தவர்கள் பேச்சு. சாதாரண ஜனம் என்ன நினைக்கிறது?

பதில்: நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா தினமும் டிவி பார்த்து ஐரோப்பாவைத் திட்டுவார். ஆனால் அறையைக் காட்டிய முதல் நாள், பிளாஸ்டிக் ஜன்னல், வெள்ளை டைல்ஸ், தட்டையான உள்கூரை எல்லாவற்றையும் காட்டிக் காட்டி ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: 'யெவ்ரோரெமோன்ட்'. ஐரோப்பிய மராமத்து என்று அர்த்தம். 1990களில் பிறந்த சொல், வாடகை விளம்பரங்களில் சர்வசாதாரணம். அதற்காக மாதம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினார். நானும் பேரம் பேசாமல் கொடுத்தேன்.