கீஸெயை சினிமா கைவிட்டதா?

வணக்கம் சார்,

லூயி மால் இயக்கிய ‘லகோம்ப் லூசியன்’ பார்த்தேன். அதில் யூதத் தையல்காரர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. சீட்டு அடுக்கிக்கொண்டே, ஜெர்மானியருக்கு வேலை செய்யும் அந்தப் பையனைப் பார்க்கிறார், அவ்வளவுதான். என்னால் மறக்க முடியவில்லை. தேடினால் தெரேஸெ கீஸெ, பெரிய ஜெர்மன் மேடை நடிகை, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ வேடத்தை முதலில் போட்டவர் என்று வருகிறது. ஆனால் படங்களில் எல்லாம் சின்னச் சின்ன வேடங்கள். கரேஜ் என்றாலும் எல்லோரும் பிரெக்டின் மனைவி ஹெலன வைகலைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது வருட மேடை வாழ்க்கை காற்றோடு போய்விட்டது. இப்படி ஒருவரை சினிமா கைவிட்டது கொடுமை இல்லையா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

நமக்கு அது இழப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். சினிமா அவரைக் கைவிட்டது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அவர் சினிமாவை நம்பி இருந்தவர் இல்லை.

கீஸெ 1898இல் மியூனிக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு நகர மேடைகளில் சில வருடங்கள் அலைந்துவிட்டு இருபதுகளின் நடுவில் மியூனிக் காமர்ஷ்பீல நாடக அரங்கில் சேர்ந்தார். பருத்த உடம்பு, அகன்ற முகம். காதலி வேடத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இளம் வயதிலேயே வயதான பெண்களாக நடிக்கத் தொடங்கிவிட்டார். மேடையில் அதை ஒரு பலமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. அன்றைய சினிமாவில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஓரத்தில்தான் இடம். 1932இல் மாக்ஸ் ஒஃபுல்ஸ் எடுத்த ஒரு படத்தில்கூட அப்படித்தான் வந்துபோகிறார். அடுத்த வருடம் ஹிட்லர் வந்தபின் ஜெர்மன் சினிமாவின் கதவு யூதர்களுக்கு மூடிவிட்டது. ஒரு நடிகைக்கு முக்கியமான வருடங்கள் அதோடு போயின. வாய்ப்பு ஏன் வரவில்லை என்று இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. 1933 ஜனவரி 1 அன்று, ஹிட்லர் பதவிக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது, எரிகா மன், கிளாவுஸ் மன் ஆகியோருடன் சேர்ந்து ‘மிளகு ஆலை’ என்ற கேபரே குழுவை மியூனிக்கில் தொடங்கினார். நாவலாசிரியர் தாமஸ் மன்னின் பிள்ளைகள்தான் அந்த இருவரும். பாட்டும் கேலியுமாக நாஜிகளைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி. இரண்டே மாதத்தில் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மறுபடி ஆரம்பித்தார்கள். அங்கேயும் 1934இல் உள்ளூர் பாசிஸ்டுகள் புகுந்து கலாட்டா செய்தார்கள். அப்படியும் பல நாடுகளில் ஆயிரம் தடவைக்கு மேல் நடத்தியிருக்கிறார்கள். அப்புறம் பாஸ்போர்ட் பிரச்சினை. 1936இல் ஜான் ஹாம்சன் என்ற ஆங்கில எழுத்தாளரைக் கல்யாணம் செய்துகொண்டு பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினார். ஹாம்சன் தன்பாலீர்ப்பாளர். ஏற்பாடு செய்தவர் கவிஞர் ஆடன். அவரும் இதே காரணத்துக்காக முந்தின வருடம் எரிகாவை மணந்திருந்தார். இதைத் தனிப் படமாகவே எடுக்கலாம்.

இனி கரேஜ். 1941 ஏப்ரல் 19, சூரிச் ஷவுஷ்பீல்ஹவுஸ் நாடக அரங்கு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நடிகர்கள் நிறைந்த அரங்கு அது. இயக்கம் லியோபோல்ட் லிண்ட்பெர்க். பிரெக்ட் அப்போது பின்லாந்தில் அகதி. தன் நாடகத்தின் முதல் மேடையேற்றத்தையே அவர் பார்க்கவில்லை. கீஸெக்கு வயது 43. போரை வைத்துப் பிழைப்பு நடத்தி, அந்தப் போருக்கே பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுக்கும் வண்டிக்காரியைப் பார்த்து மக்கள் உருகிவிட்டார்கள். சுற்றிலும் போர் நடக்கும்போது உருகாமல் என்ன செய்வார்கள்? பத்திரிகைகள் அவளை நியோபி என்றன. கிரேக்கப் புராணத்தில் பிள்ளைகளை எல்லாம் இழந்து அழுதழுதே கல்லாகிப்போன தாய் அவள்.

பிரெக்டுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது, இவ்வளவு நடந்தும் இந்த வியாபாரி எதையும் கற்றுக்கொள்ளவில்லையே என்று பார்ப்பவர்களுக்கு வரும் கோபம். ஆகவே 1949இல் பெர்லினில் வைகலை வைத்துத் தானே மேடையேற்றியபோது நாடகத்தைத் திருத்தினார். முதல் வடிவத்தின் ஐந்தாம் காட்சியில், காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட கரேஜ் தன் சரக்கிலிருந்து சட்டைகளைத் தானே தருகிறாள். திருத்திய வடிவத்தில் தர மாட்டேன் என்கிறாள். ஊமை மகள் கட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மாவையே அடிக்கப் போகிறாள். முதல் காட்சியிலும் அப்படி ஒரு திருத்தம். இடுப்புவார்க் கொக்கி ஒன்றை விலைபேசிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மூத்த மகனைப் படைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

நாம் இன்று படிக்கும் நாடகம் அந்தத் திருத்திய வடிவம்தான். கீஸெயின் கரேஜைக் கண்டு அரங்கம் அழுதிருக்காவிட்டால் பிரெக்ட் இப்படி மாற்றியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். அவர் நடிப்பு காற்றோடு போய்விட்டது என்கிறீர்கள். அதன் தடம் நாடகப் பிரதிக்குள்ளேயே இருக்கிறது என்பேன். அதற்காக பிரெக்ட் அவரை ஒதுக்கிவிடவும் இல்லை. 1950இல் மியூனிக்கில் அதே நாடகத்தை கீஸெயை வைத்து அவரே இயக்கினார். வைகலின் பெயர் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், பெர்லின் மேடையேற்றத்தைக் காட்சிவாரியாகப் படம்பிடித்துப் புத்தகமாகவே போட்டார்கள், 1961இல் சினிமாவாகவும் எடுத்தார்கள். வைகல் மகத்தான நடிகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவருக்கு ஆவணம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. அதை வைத்து இருவரையும் தராசில் ஏற்றக்கூடாது.

சுவிஸ் நாடகாசிரியர் டூரென்மட்டின் ‘கிழவியின் வருகை’யும் அவர் வழியாகத்தான் முதலில் மேடைக்கு வந்தது. 1956 ஜனவரி, அதே சூரிச் அரங்கு. பழைய காதலனைக் கொல்பவர்களுக்குக் கோடிகள் தருகிறேன் என்று சொந்த ஊருக்குத் திரும்பும் பணக்காரக் கிழவி. அதை 1964இல் சினிமாவாக எடுத்தபோது வேடம் இங்க்ரிட் பெர்க்மனுக்குப் போயிற்று. கிழவி கிழவியாக இல்லை, முடிவையும் மாற்றி அந்த ஆளை உயிரோடு விட்டுவிட்டார்கள். கீஸெக்கு சினிமாவில் ஏன் இடமில்லை என்பதற்கு இந்த ஒரு படமே போதும். 1962இல் வந்த ‘இயற்பியலாளர்கள்’ நாடகத்தை டூரென்மட் கீஸெக்கே சமர்ப்பணம் செய்தார். அதில் வரும் மனநல மருத்துவரை முதலில் ஆணாகத்தான் யோசித்திருந்தார், கீஸெக்காகப் பெண்ணாக்கினார் என்பார்கள்.

72 வயதில் மேற்கு பெர்லினில் இயக்குநர் பீட்டர் ஷ்டைனின் குழுவோடு சேர்ந்து பிரெக்டின் ‘தாய்’ நாடகத்தில் நடித்தார். பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு! அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் நீங்கள் பார்த்த பாட்டி. அந்தப் படத்தில் அவருக்கு ஏறக்குறைய வசனமே இல்லாதது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. ஜெர்மானியருக்கு வேலை செய்யும் ஒரு முரட்டுப் பையன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாட்டி என்ன பேச முடியும்? நாற்காலியில் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் விதமே அந்தக் குடும்பம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று காட்டிவிடுகிறது.

கீஸெ 1975 மார்ச்சில் மியூனிக்கில் இறந்தார். அடக்கம் செய்தது சூரிச்சில். லூயி மாலின் அடுத்த படமான ‘பிளாக் மூன்’ அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அவருக்கே சமர்ப்பணமும் செய்திருக்கிறார். அதில் அவர், படுக்கையில் கிடந்தபடி ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கும் கிழவி. விநோதமான படம், பொறுமை வேண்டும். அதற்கு முன்னால் 1964இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘இயற்பியலாளர்கள்’ கிடைத்தால் பாருங்கள். மருத்துவராக அவர்தான் நடிக்கிறார், நிறையப் பேசுகிறார்.