இரண்டு பாறையில் ஒரு கிரகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 'டெர்ரோரே நெல்லோ ஸ்பாட்சியோ' (1965) என்ற விண்வெளித் திகில் படம் பார்த்தேன். அதில் வரும் கிரகமே இரண்டு பிளாஸ்டிக் பாறைகளும் புகையும்தான் என்று பாவா சொன்னதாகப் படித்தேன். எங்கள் குறும்படத்துக்காக ஒரு கூடத்தைப் புகையால் நிரப்பி, விளக்குகளில் சிவப்பு, நீல ஜெல் (நிறத்தாள்) போட்டு எடுத்தோம். வந்தது ஊதாச் சாம்பல் சுவர். பாறையே தெரியவில்லை. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறு புகையில் இல்லை, விளக்கு நின்ற இடத்தில். கேமராவின் பக்கத்திலிருந்து வெளிச்சம் போட்டால் அது முதலில் படுவது புகையின் மேல்தான், புகை சுவராகிவிடும். விளக்குகளைப் பாறைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கொண்டுபோங்கள். அப்போது புகை ஒளிரும், பாறை அதன்முன் கறுப்பாக வெட்டி நிற்கும். பாவாவின் சட்டகங்களில் முன்பாறை பெரும்பாலும் வெறும் நிழலுரு. பிளாஸ்டிக் என்பது தெரியாததற்கு அதுவே காரணம்.

இரண்டு நிறங்களும் ஒரே புகையில் கலக்கக் கூடாது. சிவப்பு தரையோரம், நீலம் பின்புறம், நடுவில் கொஞ்சம் இருட்டு. வெளிச்சம் சிதறாமல் கறுப்பு அட்டையால் மறையுங்கள். டிஜிட்டலில் இன்னொரு வம்பு: அடர்சிவப்பில் சென்சாரின் நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான் வேலை செய்யும். மொத்த வெளிச்ச அளவு சரியாகக் காட்டும்போதே சிவப்பு அளவு மீறி, விவரம் அழிந்து வெடித்திருக்கும். சிவப்புச் சேனலைத் தனியாகப் பாருங்கள்.

ஆனால் புகை மட்டும் கிரகத்தைப் பெரிதாக்காது. அந்த இரண்டு பாறைகளைப் பெருக்கியது கண்ணாடியும் ஒரே ஃபிலிமில் பலமுறை எடுக்கும் உத்தியும். ஜெர்மனியில் ஒளிப்பதிவாளர் ஒய்கன் ஷுஃப்டான் செய்த முறையை நீங்களும் முயலலாம். லென்ஸுக்கு முன் 45 டிகிரியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, பக்கவாட்டில் மினியேச்சர் (காட்சியின் சிறிய மாதிரி). நடிகர் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் பின்பூச்சைச் சுரண்டிவிட்டால், அந்த வழியே அவர் தெரிவார், மற்ற இடத்தில் மினியேச்சர் பிரதிபலிக்கும்.

இதில் கெடுவது மூன்று. சுரண்டிய கண்ணாடியும் லேசாகப் பிரதிபலிக்கும், நடிகர்மேல் பாறை பேயாகப் படியும். மினியேச்சரில் அந்தப் பகுதிக்கு நேராகக் கறுப்புத் துணி கட்டுங்கள். அடுத்தது ஃபோகஸ். மினியேச்சர் பக்கம், நடிகர் தூரம், இரண்டும் தெளிவாக வர லென்ஸின் துளையை எஃப் 11 வரை மூடவேண்டும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). எஃப் 2.8-ஐ விட 16 மடங்கு வெளிச்சம் தேவை. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அப்படி மூடும்போது சுரண்டிய ஓரமும் கோடாகத் தெரியத் தொடங்கும். கண்ணாடியை லென்ஸுக்கு நெருக்கி வையுங்கள், மிச்சத்தைப் புகை மறைக்கும். கேமரா அசையவே கூடாது. பிம்பம் இடவலம் மாறும். பாறைக்குக் கவலையில்லை, விண்கப்பலில் எழுத்து இருந்தால் திருப்பி எழுதுங்கள்.

(படத்தின் வசனத்தை நீங்கள் குறிப்பிடாதது பெருந்தன்மை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி, பிறகு டப்பிங் செய்த படம் அது.)

தரையில் தவழும் புகைக்கு டிரை ஐஸை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வெந்நீரில் போடுவீர்கள். நீர் ஆறினால் புகை நின்றுவிடும், ஷாட்டுக்கு ஷாட் வெந்நீர் மாற்றுங்கள். ஒரு கிலோவிலிருந்து சுமார் 500 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும், அது காற்றைவிடக் கனம். பாறையடியில் படுத்து நடிப்பவருக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். கதவைத் திறந்து மின்விசிறி போட்டு, கூடம் தெளிந்த பிறகே அவரை அடுத்த டேக்குக்குப் படுக்க வையுங்கள்.