விசாகத்தின் மேல் ஏன் பழி?

கேள்வி: மூத்த மகனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் விசாகம் 4ஆம் பாதம், விருச்சிக ராசி. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவள். பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது. ஆனால் விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது, சந்திரனும் நீசம் என்கிறார் ஜோசியர். சின்னவன் ஏற்கெனவே கடை வைத்து நொடித்தவன். அவன் கடனைப் பெரியவன்தான் மாதம் 18,000 கட்டி வருகிறான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: அந்த 18,000 ரூபாயைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அம்மா, உங்கள் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. மருமகள் வந்தால் தவணை நின்றுவிடும். அதைத்தான் மைத்துனன் தோஷம் என்கிறீர்கள்.

ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். விசாகத்தின் முதல் மூன்று பாதங்கள் துலாத்தில். அவற்றுக்கு இந்தத் தோஷமே கிடையாது. விருச்சிகத்தின் முதல் 3 பாகை 20 கலையில் விழும் நான்காம் பாதத்துக்குத்தான் சொல்வார்கள். ஒரு பாதம் ஏறக்குறைய 6 மணி நேரம். பாத எல்லையை ஒட்டிப் பிறந்திருந்தால், நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலே, அல்லது வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்ததைத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் போட்டாலே, ராசி துலாமாகிவிடலாம். பிறந்த நேரத்தை மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சந்திரன் விருச்சிகம் 3ஆம் பாகையில் பரம நீசம், அதாவது அடியோடு பலமிழக்கும் இடம், உண்மைதான். ஆனால் வைகாசிப் பௌர்ணமியில் சூரியன் நேர் எதிரே ரிஷபத்தில். இடம் நீசமானாலும் ஒளி குறையாத, பட்ச பலமுள்ள (பிறையின் வளர்ச்சியால் வரும் பலம்) சந்திரன் அது. கார்த்திகை மாதத்தில் அமாவாசையை ஒட்டி இதே ராசிக்கு வரும் ஒளி குன்றிய சந்திரனோடு சேர்த்து எடைபோடக் கூடாது. ராசிநாதன் செவ்வாயோ, சந்திரன் உச்சம் பெறும் ரிஷபத்தின் அதிபதி சுக்கிரனோ, லக்னத்துக்கோ சந்திரனுக்கோ 1, 4, 7, 10ஆம் இடங்களில் இருந்தால் நீசபங்கம், அதாவது அந்த நீசக் குறை நீங்கிவிடும். இதைப் பார்க்காமல் 'நீசம்' என்று மட்டும் சொன்ன ஜோசியரிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

இளைய சகோதரனுக்குக் காரகனும், அதாவது அவனைக் குறிக்கும் கிரகமும், அதே செவ்வாய்தான். அதை மூத்தவன் ஜாதகத்தில் மூன்றாமிடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்னவன் தொழில் அவன் ஜாதகத்தின் பத்தாமிடத்தில். இன்னும் வீட்டுக்குள் கால் வைக்காத பெண்ணின் நட்சத்திரமா அவன் கடையை மூடியது?

தம்பிக்கு அண்ணன் கைகொடுப்பது கடமை, மறுக்கவில்லை. அந்தக் கடமைக்கு ஒரு முடிவு தேதி வேண்டும். அதைக் கேட்க வேண்டிய நீங்கள் கேட்கவில்லை. சின்னவன் கை கால் நன்றாக இருக்க, அண்ணன் சம்பளத்தில் அவனை உட்கார வைத்திருப்பது நீங்கள். மூத்தவன் கல்யாணம் தள்ளிப்போவதும் அதனால்தான்.

இந்த வாரமே இருவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, பத்திரம் யார் பேரில் என்று எழுதுங்கள். அடுத்த தவணையில் பாதியையாவது சின்னவன் கட்டட்டும். நிச்சயத்துக்கு முன்பே அந்தக் கணக்கைப் பெண்ணிடமும் அவள் பெற்றோரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் சரி என்றால், பாக்கு வெற்றிலை மாற்ற நாள் பாருங்கள்.