முதல் உளி, முதல் ரம்பம்: மரவேலைக் கருவிகள் கேள்வி பதில்

கேள்வி: பொழுதுபோக்காக மரவேலை தொடங்குகிறேன். பன்னிரண்டு உளி கொண்ட செட் வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. 6, 12, 25 மில்லிமீட்டரில் மூன்று போதும். மிச்சக் காசில் ஒருபுறம் 1000, மறுபுறம் 6000 கிரிட் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண்; எண் கூடினால் கல் நுண்மை) உள்ள சாணைக்கல் வாங்குங்கள். கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக வராது. முதலில் அதன் தட்டையான முதுகை, முனையை ஒட்டி ஒரு விரலகலம் பளபளக்கும் வரை தேயுங்கள். பிறகு முனையின் சாய்வான பக்கத்தை, அதாவது சரிவை, 1000 பக்கத்தில் 25 டிகிரியில் தீட்டுங்கள். தீட்டுமுன் சரிவில் மார்க்கர் மை பூசினால், கல் எங்கே படுகிறது என்று மை அழிவதை வைத்தே தெரியும். முனை நெடுக மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிறு எழும்பும்வரை 6000-க்குப் போகாதீர்கள். அவசரப்பட்டு மாறுவதால்தான் பலருக்குப் பதம் ஏறுவதில்லை. மென்மரத்தின் தலைப்பக்கத்தை, அதாவது நார்களுக்குக் குறுக்கே அறுத்த முகத்தை, சீவிப் பாருங்கள். நார் நசுங்காமல் வழவழவென்று வந்தால் உளி தயார்.

கேள்வி: மின்சாணையில் தீட்டினால் சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும். ஆனால் சூடேறி முனை நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்.

கேள்வி: விலை குறைந்த மூலைமட்டத்தை நம்பலாமா?

பதில்: சோதித்துவிட்டு நம்புங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கோடு போடுங்கள். அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை.

கேள்வி: துருப்பிடித்த பழைய இழைப்புளி கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: மேல்துரு தேய்த்தால் போகும். உடலில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டேபிள் சா (மேசையில் பொருத்திய மின் வட்ட ரம்பம்) கட்டாயமா?

பதில்: தொடக்கத்தில் இல்லை. கைவட்ட ரம்பத்துக்கு நேரான பலகை ஒன்றை வழிகாட்டியாகக் கிளாம்ப் போட்டாலே பிளைவுட் நேராக அறுபடும். பிறகு டேபிள் சா வாங்கினால், பிளேடுக்குப் பின்னால் பிளவுத்தகடு உள்ளதையே வாங்குங்கள். அறுத்த பிளவு மூடிப் பிளேடைக் கவ்வாமல் தடுப்பது அதுதான். கவ்வினால் பலகை உங்கள் மேலேயே பாயும். அந்தத் தகட்டைத் தொந்தரவென்று கழற்றி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கேள்வி: மாஸ்க் அவசியமா?

பதில்: முதல் நாளே வாங்குங்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சாண்டர் (மரத்தைத் தேய்க்கும் மெஷின்) நின்ற பிறகும் நுண்தூசி காற்றில் மிதக்கும். உடனே கழற்றாதீர்கள்.